அஞ்சா, எட்டா

அந்த அட்டை என் சட்டைப் பையைவிட ஒரு விரற்கடை நீளம். அதனால் எந்நேரமும் அதன் மேல்விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு கைக்குழந்தையின் வண்ணப்படம். முகத்திலும் கைகால்களிலும் பெரியம்மைக் கொப்புளங்கள், இடைவெளியே இல்லாமல். வீடு வீடாகப் போய் அந்தப் படத்தைக் காட்டி, இப்படி யாருக்காவது போட்டிருக்கிறதா என்று கேட்பதுதான் எழுபதுகளின் நடுவில் எனக்கு வேலை. படத்தைப் பார்த்ததும் சில பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஒரு அம்மாள் உள்ளே போய் வேப்பிலை கொண்டுவந்து படத்தின்மேல் வைத்துக் கும்பிட்டாள். எங்கள் பக்கம் பெரியம்மை வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. இல்லாத ஒன்றைத் தேடித் தினமும் கரிசல்காட்டில் எட்டு மைல், பத்து மைல் நடந்துகொண்டிருந்தேன். எதற்காக என்று கேட்டால், மேலிடத்து உத்தரவு என்பதற்கு மேல் அப்போது எனக்குச் சொல்லத் தெரியாது.

சங்கரன்கோவிலில் எங்கள் அலுவலகம் தறிச்சத்தம் ஓயாத ஒரு தெருவில் இருந்தது. நான் தடுப்பூசி ஊழியன். ஊர்ப்பக்கம் எங்களை 'அம்மை குத்துறவுக' என்பார்கள். எனக்கு மேலே சுகாதார ஆய்வாளர். அவரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவரைப் பற்றித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத, அவர் நல்லவரா கெட்டவரா என்ற பழைய குழப்பம் மறுபடியும் வந்து நிற்கிறது. ஒடிசலான ஆள். மூக்குப்பொடி டப்பாவைத் திறக்காமலே ஒரு நாளைக்கு நூறு முறை கையில் உருட்டுவார். மாதக் கடைசியில் அறிக்கைப் படிவத்தில் 'பெரியம்மை: இல்லை' என்று எழுதி, அந்த 'இல்லை'க்குக் கீழே இரண்டு கோடு போடுவார். ஒரு கோடு போதாதா என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு கோடு அவங்களுக்கு, ஒண்ணு எனக்கு" என்றார். ஓய்வு பெற அவருக்கு இரண்டு வருஷம் இருந்தது.

இந்த நாட்டில் பெரியம்மை அடியோடு ஒழிந்தது என்று அரசாங்கம் சொன்னால் மட்டும் உலகம் ஒப்புக்கொள்ளாதாம். வெளிநாடுகளிலிருந்து மருத்துவர்கள் வந்து, தாங்களே சில ஊர்களைப் பொறுக்கியெடுத்துப் பார்த்து, சரி என்று கையெழுத்திட வேண்டுமாம். அதன்பிறகுதான் ஊசி போடுவதை நிறுத்தலாமா, அந்த ஆட்களையும் பணத்தையும் வேறு எந்த நோய்க்குத் திருப்பலாம் என்று டில்லியில் முடிவு செய்வார்கள் என்று அண்ணாச்சி எங்களுக்கு விளக்கினார். அப்படி வந்தவர்களில் ஒருவர் எங்கள் வட்டாரத்துக்கும் வந்தார். இந்தோனேசியாக்காரர். குள்ளமாக, நம் நிறத்திலேயே, தலையை வழித்துச் சீவி இருந்தார். ஜீப்பைச் சுற்றிக் கூடியவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். "வெள்ளைக்கார டாக்டர் வாராருன்னு சொன்னிய, இவரு நம்ம ராசபாளையத்து ஆளு மாதிரில்லா இருக்காரு" என்று ஒரு பெரியவர் என்னிடமே குறைப்பட்டுக்கொண்டார். நான் பி.யூ.சி. படித்தவன் என்பதால் அவருடைய ஆங்கிலத்தைத் தமிழாக்கும் வேலை எனக்கு வந்தது.

அவர் பார்த்தது குழந்தைகளின் முகங்களை. பெரியம்மை போட்ட முகத்தில் தழும்பு போகாது. கடைசி நோயாளிக்குப் பிறகு பிறந்த எந்தக் குழந்தையின் முகத்திலும் தழும்பு இருக்கக்கூடாது. இருந்தால், யாரோ எங்கேயோ ஒரு நோயை மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர் கணக்கில் ஏழு வயதுக்குக் கீழே உள்ள முகங்களெல்லாம் வழுவழுவென்று இருக்க வேண்டும். நாலு நாள் அப்படியே இருந்தன. அண்ணாச்சி ஐந்தாம் நாள் காலையில் சந்தோஷமாகப் பொடி போட்டார்.

அன்று இளையரசனேந்தலுக்கு மேற்கே ஒரு சின்னக் கிராமம். பருத்திக்காட்டிலிருந்து அப்போதுதான் வந்த ஒரு பெண், அவள் சேலைக்குப் பின்னால் ஒரு சிறுமி. இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு, தாவணிபோல் சுற்றிய துணியின் முனையை வாயில் திணித்தபடி நின்றாள். மெலிந்த உடம்பு. மூக்கிலும் இரண்டு கன்னங்களிலும் பத்துப் பன்னிரண்டு குழிகள்.

டாக்டர் அவள் வயதைக் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"அஞ்சு இருக்கும், சாமி" என்றாள் தாய்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி என் முழங்கையைப் பிடித்தார். "எட்டுன்னு சொல்லும் வே" என்றார் மெல்ல. "அவ அஞ்சுங்கா, அண்ணாச்சி." "அவளுக்கு என்ன தெரியும். எட்டுன்னு சொல்லும். அஞ்சுன்னா நம்ம பாடு கந்தல்."

அவர் என் முழங்கையை விடவில்லை. மாதாமாதம் இரண்டு கோடு போட்ட கை. எனக்கு அவர்மேல் ஒரு நொடியில் வந்த வெறுப்பை இன்றும் நினைவு வைத்திருக்கிறேன். தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு தாயின் வாய்வார்த்தையை மாற்றச் சொல்கிறாரே என்று தோன்றியது. நான் டாக்டரைப் பார்த்து, ஐந்து என்றேன். சொன்னதும் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது.

டாக்டர் கைப்பையை மூடினார். பிறகு நடந்ததெல்லாம் வேகம். அடுத்த ஊர்களுக்குப் போவது நின்றது. திருநெல்வேலிக்குத் தந்தி போனது. சுற்றியுள்ள கிராமங்களில் ஒரு வீடு விடாமல் மறுபடியும் தேடச் சொன்னார்கள். அறிவிப்புக்கு முன் இரண்டு வருஷம் நோயே இருக்கக்கூடாது என்பது விதி; அதற்குள் இங்கே பெரியம்மை இருந்திருந்தால் நாடு முழுவதற்குமான அறிவிப்பு தள்ளிப்போகும், எங்கள் அறிக்கைகளெல்லாம் பொய்யாகும். மூன்று நாள் இருபது பேர் அலைந்தோம். அட்டையைப் பார்த்த மக்கள், "திரும்ப வந்துட்டாளா ஆத்தா?" என்று பயந்து கேட்டார்கள். அண்ணாச்சி எங்களோடுதான் நடந்தார். என்னைத் திட்டவில்லை. ஒரு கிணற்றடியில் தண்ணீர் குடித்துவிட்டு, தன் சொம்பை எனக்கு நீட்டினார். அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று தெரியாமல் வாங்கிக் குடித்தேன்.

எங்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. நான்காம் நாள் டாக்டர் மறுபடியும் அந்த ஊருக்கே போகலாம் என்றார். வீடு பூட்டிக் கிடந்தது. தாய் காட்டுக்குப் போயிருந்தாள். பிள்ளைகள் பால்வாடியில் இருப்பார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஓலைக் கொட்டகையில் கோதுமை உப்புமா போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும். அவர்களுக்கு நடுவில், எல்லோரையும்விட ஒரு தலை உயரமாக அந்தச் சிறுமி. தம்பிக்கு ஒரு வாய் ஊட்டிவிட்டுத் தான் ஒரு வாய் தின்றாள். அவன் உப்புமாவைத் துப்பியதைப் பார்த்து அவள் சிரித்தாள். சிரித்தபோது மேல்வரிசையில் இரண்டு பெரிய பற்கள், பக்கத்தில் விழுந்த பல்லின் ஓட்டை. டாக்டர் என் தோளைத் தொட்டார். "அந்தப் பற்கள் ஐந்து வயதுப் பற்கள் அல்ல" என்றார்.

காட்டுக்கே போனோம். தாய் எங்களைக் கண்டதும் பருத்தி மடியைக் கீழே இறக்கி வைத்தாள்.

"உண்மையச் சொல்லுங்கம்மா. எத்தன வயசு?"

வரப்பைப் பார்த்தபடி, "எட்டு" என்றாள். பிறகு எல்லாம் வந்தது. "அஞ்சுக்கு மேலன்னா அங்கன சோறு போட மாட்டாக. பள்ளிக்கூடத்துல போடுதாகன்னு சொல்லுவிய. அது ரெண்டு மைலு. இவ பள்ளிக்கூடம் போனா சின்னவன ஆரு பாப்பா? நான் காட்டுக்குப் போகணும்லா. அதான் டீச்சரம்மாட்ட அஞ்சுன்னு சொன்னேன். நீங்களும் அதைக் கேக்கத்தான் வந்திருக்கியன்னு நெனச்சேன்."

அம்மை எப்போது போட்டது என்று கேட்டேன்.

"தவழுத புள்ள அப்ப. மூத்தவளுக்கும் இவளுக்கும் ஒண்ணாத்தான் போட்டுச்சு. மூத்தவ போயிட்டா. இவளுக்குத் தண்ணி ஊத்துனோம்."

தண்ணீர் ஊற்றுவது என்றால் நோய் இறங்கிப் பிழைத்தது என்று பொருள். நான் டாக்டருக்குச் சொன்னேன். அவர் தலையாட்டினார். பக்கத்து வீட்டில் இந்தச் சிறுமியோடு ஒரே மாதத்தில் பிறந்த பையன் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் இருந்தான். பள்ளிப் பதிவேட்டையும் போய்ப் பார்த்தார். எல்லாம் பொருந்தியது. பழைய தழும்பு. கடைசிப் பெரியம்மையின் தழும்பு. நாட்டின் கணக்கில் குறை ஒன்றும் இல்லை. ஜீப்பில் திரும்பும்போது, பால்வாடி பற்றி அவள் சொன்னதையும் டாக்டரிடம் சொன்னேன். வெளியே பார்த்துக்கொண்டே வந்தவர், "என் படிவத்தில் தழும்புக்கும் வயதுக்கும்தான் இடம் இருக்கிறது" என்றார். கோபமாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அவருக்கு அதோடு வேலை முடிந்தது.

அன்று சாயங்காலம் அலுவலகத்தில் அண்ணாச்சியின் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். அவரைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொன்னேன். அவர் சொன்னதுதான் உண்மையாக இருந்தது, நான்தான் பொய்யைக் கொண்டுபோய்ச் சேர்த்து இத்தனை பேரை அலைய வைத்தேன் என்றேன். "அவளுக்கு எட்டு வயசுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது, அண்ணாச்சி?"

அவர் டப்பாவை உருட்டுவதை நிறுத்தினார். "தெரியாது வே" என்றார். "எனக்கு எட்டு வேணும். அம்புட்டுத்தான்."

நான் நேர்மையாகச் சொன்னது பொய். அவர் பயத்தில் சொன்னது மெய். அப்படியானால் யாரை எதற்காக மதிப்பது? அவர் பொய் சொல்வதாக நினைத்துக்கொண்டே உண்மையைச் சொல்லியிருக்கிறார். நான் உண்மை என்று நினைத்துக்கொண்டு ஒரு தாயின் பசிக்கணக்கை உலகக் கணக்கில் எழுதப் பார்த்திருக்கிறேன். ஒளிக்காமல், "தெரியாது" என்று முகத்துக்கு நேரே சொன்னாரே, அந்த ஒன்று மட்டும் நேர்மைதானா? இத்தனை வருஷத்தில் இதை ஒருவிதமாக நேர்செய்துவிடலாம் என்று பலமுறை முயன்றிருக்கிறேன். முடியவில்லை.

அந்த வாரக் கடைசியில் பால்வாடிப் பட்டியல் வந்தது. பிள்ளைகளின் வயதைச் சுகாதார ஊழியர் சரிபார்த்து எழுத, ஆய்வாளர் கையொப்பமிட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் காகிதம்தான். ஒவ்வொரு பெயராக எழுதிக்கொண்டு வந்தேன். அவள் பெயர் வந்ததும் பேனா நின்றது. நாலு நாளைக்கு முன்புதான் டாக்டரின் படிவத்தின் நகலில், இதே பெயருக்கு எதிரே, இதே பேனாவால் எட்டு என்று எழுதியிருந்தேன். இருக்கையை விட்டு எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் குடித்தேன். தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. திரும்பி வந்து உட்கார்ந்து, ஐந்து என்று எழுதினேன்.

அண்ணாச்சி பட்டியலை வரி வரியாகப் பார்த்தார். அந்த வரியில் அவர் விரல் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். "ரெண்டும் உம்ம கையெழுத்துதான். பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டுக் கையொப்பமிட்டார். பிறகு அவர் ஓய்வு பெற்றுப் போகும்வரை அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

பின்னாளில் பெரிய ஊர்களில் நடந்த பயிற்சிகளுக்கெல்லாம் போயிருக்கிறேன். சரியான புள்ளிவிவரம்தான் ஒரு நாட்டின் சுகாதாரக் கொள்கைக்கு அஸ்திவாரம் என்று அங்கே சொல்வார்கள். நானும் குறித்துக்கொள்வேன். அஸ்திவாரத்தில் ஒரு கல் எட்டு என்றும், இன்னொரு கல் ஐந்து என்றும் என் கையால் வைத்தது மனத்துக்குள் வரும். எந்தக் கல்லைப் பிடுங்கினாலும் எதுவோ சரியும் என்று தோன்றும்.

சில மாதங்கள் கழித்து அறிவிப்பு வந்தது. பெரியம்மை இந்த நாட்டில் இல்லை, உலகம் ஒப்புக்கொண்டது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அண்ணாச்சி எல்லோருக்கும் காப்பி வாங்கித் தந்தார். எனக்கு அதை அந்தத் தாயிடம் நேரில் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். அவள் மிளகாய்ச்செடிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தாள். சிறுமியும் தம்பியும் பால்வாடியில் ஒழுங்காகச் சாப்பிடுவதாகச் சொன்னாள். நான் செய்தியைச் சொன்னேன்.

"இனி வரவே வராதா?"

"வராது. ஒலகத்துலயே போகப்போவுது. இனி ஒரு புள்ளைக்கும் வராது."

அவள் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இம்புட்டு லேசா போற சீக்குன்னா," என்று கேட்டாள், "எம்மூத்தவளுக்கு முன்னாடியே அதைப் போகச் சொல்லியிருக்கக்கூடாதா, சாமி?"

கேள்வியில் கோபமே இல்லை. விவரம் தெரிந்தவனிடம் விவரம் கேட்பதுபோல்தான் கேட்டாள். பிறகு குனிந்து, விட்ட இடத்திலிருந்து களை எடுக்கத் தொடங்கினாள்.