பன்னிரண்டு வோல்ட்

ஸ்விட்சைத் தட்டினால் தானே முன்னும் பின்னும் நகரும் சீட்டு உள்ள கார், எனக்குத் தெரிந்து காரைக்காலில் ஒன்றுதான் இருந்தது. அந்தச் சீட்டைக் கெடுத்தவன் நான். எழுபதுகளின் கடைசியில் நடந்த சங்கதி. இதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

கார் ஒரு சொல்தாவுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். வியட்நாமின் சைகோனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பழைய அமெரிக்க வண்டி. கிளட்ச் கிடையாது, ஓட்ட ஒரு கால் போதும். அது அவருக்கு வசதி. சண்டையில் அடிபட்டு அவருடைய இடது கால் மடங்காது. சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி, காலை நீட்டிக்கொண்டுதான் ஓட்டுவார். வருஷம் பூரா ஷெட்டில் கிடக்கும் கார், பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலுக்குக் கட்டாயம் வெளியே வரும். மெடல்களைக் குத்திக்கொண்டு, சண்டையில் செத்தவர்களின் நினைவுத் தூணுக்கு அவரே ஓட்டிப்போவார். அந்த ஒரு நாள் அவர் நொண்டி இல்லை.

அந்த வருஷம் பிரான்சிலிருந்து மகனும் மருமகளும் லீவுக்கு வந்திருந்தார்கள். குள்ளமான மருமகள் சீட்டை முன்னால் இழுத்துப் போட்டுத் திருநள்ளாறு வரை ஓட்டினாள். அவர்கள் பிரான்சுக்குத் திரும்பிய பிறகு பார்த்தால் சீட்டு பின்னால் போக மறுத்தது. அவரால் உள்ளே உட்காரவே முடியவில்லை. பதினாலாம் தேதிக்கு ஒரு வாரம் இருந்தது. ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார்.

நான் அப்போது வண்டி எலெக்ட்ரீஷியன். ஒயரைத் தொட்டாலே கோளாறு சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்த காலம். பியூஸ் பார்த்தேன், சரியாக இருந்தது. ஸ்விட்சைக் கழற்றித் தேய்த்து மாட்டி அழுத்தினேன். அடியில் மோட்டார் உறுமியது, சீட்டு அசையவில்லை. உறுமினால் மோட்டாருக்கு உயிர் இருக்கிறது, எங்கேயோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். குனிந்து டார்ச் அடித்துப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு ஏது பொறுமை? கரண்டு போதவில்லை என்று நானே முடிவுகட்டினேன். குரும்பகரம் கிராமத்து டிராக்டருக்காகச் சார்ஜ் ஏற்றி வைத்திருந்த பேட்டரியைக் கடையிலிருந்து கொண்டுவந்து நேராக மோட்டாரில் கொடுத்தேன். அது பன்னிரண்டு வோல்ட். கார் ஆறு வோல்ட். தெரியாமல் இல்லை, அந்த நேரத்தில் மண்டையில் ஏறவில்லை.

கருகல் நாற்றம் வந்தது. கூடவே கொஞ்சம் புகை. காப்பி சொல்ல அவர் உள்ளே போயிருந்தார். அவசரமாகச் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். அதே ஷெட்டில்தான் அவருடைய நெல் மூட்டைகளும் அடுக்கியிருந்தன. எலி நெல்லைக் கொண்டுவந்து தின்று, சீட்டு ஓடுகிற பட்டையில் உமியைக் கெட்டியாக அடைத்து வைத்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நோண்டினேன், வந்துவிட்டது. கோளாறு அவ்வளவுதான்.

அவர் காப்பியோடு வந்தபோது உமியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டேன்.

"ஐயா, மோட்டார் ஏற்கெனவே எரிஞ்சு கெடக்குது. ஸ்விட்சை விடாம அழுத்தியிருக்காங்க" என்றேன்.

"மருமகப் பொண்ணா?"

"வேற யாருங்க ஓட்டினது?"

வாய் கூசவில்லை. மோட்டாரைக் கழற்றிவிட்டு அது சுழற்றுகிற தண்டைக் கையால் திருகினாலே சீட்டு மெதுவாகப் பின்னால் போயிருக்கும். ஆனால் வேறு மோட்டார் வந்தால்தான் நகரும் என்று அடித்துச் சொல்லிவிட்டேனே! சொன்ன பொய்யைக் காப்பாற்றச் சும்மா இருந்துவிட்டேன். பதினாலாம் தேதி அவர் மெடல்களோடு ரிக்‌ஷாவில் என் கடையைத் தாண்டிப் போனார். நீட்டிய கால் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. நான் ஒரு லாரிக்கு அடியில் புகுந்துகொண்டேன்.

நான் கழற்றிக் கொடுத்த மோட்டாரைப் பிரான்சுக்குப் போன ஒருவர் கையில் மகனுக்குக் கொடுத்தனுப்பினார். மகனுக்கு அங்கே கார் கம்பெனியில் வேலை. நாலு மாதம் கழித்து என்னை வரச்சொன்னார். மகனுடைய கடிதம் கையில் இருந்தது. பிரெஞ்சில் இருந்ததை மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நிறுத்தித் தாளை மடித்தார்.

"இந்த மோட்டார் இப்ப கெடைக்காதாம் தம்பி."

எனக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் மடிக்கும்போது பார்த்துவிட்டேன். எழுத்துக்கு நடுவே 12 V என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருந்தது. பன்னிரண்டு வோல்ட்டில் எரிந்தது என்று மகன் கண்டுபிடித்துவிட்டான், அவரும் படித்துவிட்டார்.

"கையால திருகிப் பாக்கட்டுங்களா ஐயா?" என்றேன்.

பத்து நிமிஷத்தில் சீட்டு பின்னால் போய்விட்டது. அவர் ஏறி உட்கார்ந்தார். காலை நீட்டினார், இடித்துக்கொள்ளவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். இதை அன்றைக்கே செய்திருக்கலாமே என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை.

"மருமகளைத் திட்டிக் கடுதாசி போட்டுட்டேன் தம்பி. இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்னு சொல்லிட்டாளாம். அது அவ செஞ்சதில்லன்னு இன்னிக்கு எழுதணும். யாரு செஞ்சதுன்னு எழுதட்டும்?"

என் முகத்தையே பார்த்தார். அவர் கேட்டது அந்த ஒரே கேள்வி. நான்தான் என்பது நாக்கு நுனிவரை வந்தது.

"எலின்னு எழுதுங்க" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, உள்ளேயிருந்து பேனாவைக் கொண்டுவர என்னையே அனுப்பினார்.