எரிமலை வெடித்தது, நான் கந்தோருக்குப் போனேன்

இந்திய அகதி முகாமிலிருந்து சொந்த ஊரான பள்ளிமுனைக்குத் திரும்பிய எங்களை, அப்பாவின் காணி பற்றிய விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கந்தோரில் அரசாங்க அதிகாரிகளோடு கதைக்க எனக்குப் பயம். லண்டனிலிருந்து அண்ணன் வந்து கதைப்பார் என்று காணி உறுதிப் பத்திரத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் இருந்துவிட்டேன்.

விசாரணைக்கு முதல்நாள் காலை அண்ணன் டெலிபோனில் கோல் எடுத்தார். "எங்கேயோ எரிமலை வெடிச்சு வானமெல்லாம் சாம்பலாம். பிளேன் ஒண்டும் பறக்காது. நீயே போ, தங்கச்சி."

வேறு வழியில்லாமல் உட்கார்ந்து, உறுதியை வரிவரியாக வாசித்து முடித்தேன்.

மறுநாள் அதிகாரி, "காணிக்கு மேற்கெல்லை என்ன?" என்று கேட்டார்.

"கடற்கரைப் பாதை, ஐயா. கிழக்கில கோயில் காணி," என்றேன்.

"சரியாச் சொல்லுறீங்கள், அம்மா," என்று காணியை எங்களுடையதென்றே பதிந்தார்.

இப்போது எந்தக் கந்தோருக்கும் பத்திரங்களை வாசித்துவிட்டு நானே போகிறேன். அண்ணன் விடுமுறைக்கு வந்தால் போதும்.