பலகையில் ஓடிய கடவுச்சொல்

செக் நாட்டுப் பிர்னோ நகரத்து லிபுஷேவைப் பார்த்தால் புரோகிராமர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஐம்பத்துமூன்று வயது, டிராமில் ஏறினால் பின்னல் ஊசியை எடுத்துவிடுவாள். பதினேழு வருடமாக அவள் பராமரித்துவந்த சி என்ற கணினி மொழி நிரல் தொகுப்புக்கு ஒரே வேலைதான்: மற்றவர்களின் மென்பொருளுக்காக ஆளிடம் கேள்வி கேட்பது, பதில் வாங்குவது, தப்பென்றால் சொல்வது. எந்தக் கணினியானாலும் ஒரே மாதிரி. கடவுச்சொல் கேட்கும்போது தட்டுகிற எழுத்து திரையில் தெரியக் கூடாது. இலவசமாகக் கொடுத்திருந்ததால் யார் யார் எடுத்துப்போனார்கள் என்று அவளுக்கே தெரியாது.

அக்டோபரில் ஒரு நாள் காலையில் ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போய் உட்கார்ந்திருந்தாள். அந்த ஆய்வுக்கூடத்துக்குப் புதுக் கணினி வந்த முதல் நாள். வரிசை எண் காட்டவேண்டிய பெரிய பலகையில் கணினித் திரை அப்படியே தெரிந்தது, யாரும் கவனிக்கவில்லை. நர்ஸ் மிலாதா குனிந்தபடி தட்டிக்கொண்டிருந்தாள்.

"கடவுச்சொல்லைத் தாருங்கள், நான் பார்க்கவில்லை" என்றது பலகை. அதன் கீழே எழுத்துகள் ஒவ்வொன்றாக முளைத்தன. முன்வரிசைக் கிழவர் வரிசைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வாய்விட்டே படித்துவிட்டார்.

"ஒந்திரா... அம்மாவ... மன்னிச்சிடு..."

மிலாதாவின் விரல்கள் அப்படியே நின்றன. நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"படிக்காதீங்க," என்றாள். "யாரும் படிக்காதீங்க."

கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். லிபுஷே எழுந்துவிட்டாள். 'நான் பார்க்கவில்லை' என்பது அவள் என்றோ விளையாட்டாக எழுதிய வரி.

ரத்தம் கொடுக்காமலே தன் அலுவலகத்துக்கு ஓடினாள். நிரலைத் திறந்தால் கண்ணெதிரே இருந்தது தவறு. எழுத்தை மறைக்கச் சொன்னதைப் புதுக் கணினி மறுத்திருக்கிறது. மறுத்ததா என்று பார்க்காமலே அவள் நிரல் கடவுச்சொல்லைக் கேட்டிருக்கிறது. அந்த வரிக்குப் பக்கத்தில் அவளே எழுதிவைத்த குறிப்பு வேறு: 'இது தவறவே தவறாது.'

"சத்தமில்லாம சரி பண்ணிட்டுப் போயேன்," என்றான் பக்கத்து மேஜை ராதிம். "உன்னோடதுன்னு எவனுக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுதே."

"நார் நாரா கிழிப்பானுங்க, லிபுஷே."

"கிழிக்கட்டும். இன்னும் எத்தனை எடத்துல இப்படி ஓடுதோ, யார் கண்டா!"

மறைக்க முடியாவிட்டால் கேட்கவே கூடாது, பிழை என்று சொல்லி நின்றுவிட வேண்டும் என்று நிரலை மாற்றினாள். தன் பெயரைப் போட்டே இணையத்தில் உலகத்துக்கு அறிவித்தாள். ராதிம் சொன்னபடியே கிழித்தார்கள். 'பதினேழு வருஷமா தூங்கினியா?' என்று ஒருவன் கேட்டிருந்தான். 'ஆமாம்' என்று பதில் போட்டாள்.

அடுத்த வாரம் மிலாதாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். மிலாதா ஊசி உறையைப் பிரித்தாள்.

"என் பையன் பேரு தெரிஞ்சுபோச்சு உங்களுக்கு. போறப்ப அவன் வயசு தெரியுமா?"

"தெரியாதும்மா."

"பதினொண்ணு." பஞ்சை நனைத்தாள். "கையை நீட்டுங்க. சாப்பிடாமத்தானே வந்திருக்கீங்க?"