சந்தனப் பொட்டும் பழைய கர்னலும்

"புதுசு வந்தாச்சே, பழசு எதுக்கு?" என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர், இலங்கை மலையகத்தின் பதுளையில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் கணினிப் பொறுப்பாளர். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழிந்திருந்த காலம். நமுனுகுல, மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களின் வேலைகளெல்லாம் எங்கள் பிராந்திய அலுவலகத்திலிருந்த ஒரேயொரு லினக்ஸ் சர்வரில்தான் ஓடின. அவர் கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்தவர். பதுளை மழையையும் எங்களையும் ஒரே முகத்தோடுதான் பார்ப்பார். நான் பூனாகலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்து, கம்ப்யூட்டர் படித்து, அவருக்கு உதவியாளாகச் சேர்ந்தவள்.

அலுவலகத்தைக் கூட்டித் துடைக்க ஓர் அக்கா வருவார். நமுனுகுல பக்கத் தோட்டத்துக்காரர். கொழுந்து எடுக்கும்போது மலையில் சறுக்கி விழுந்து முழங்கால் கெட்டுப்போனதில், ஏற்றம் ஏற முடியாமல், யார் யாரையோ கெஞ்சி இந்த வேலைக்கு வந்திருந்தார். இதுவும் போனால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், பொறுப்பாளருக்கும் தெரியும்.

சர்வரை எக்காரணம் கொண்டும் நிறுத்தக்கூடாது என்பது கொழும்பு உத்தரவு. ஆயுத பூசைக்கு மட்டும் விலக்கு. அன்றைக்குத் தோட்டத்து ஃபேக்டரிகளில் கொழுந்து அரைக்கும் ரோலர் முதல் லாரி வரை எல்லாமே ஓய்வெடுக்கும். கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். எங்கள் அலுவலகத்தின் மேலாளரைப் பழக்கதோஷத்தில் எல்லோரும் பெரிய துரை என்றுதான் சொல்வோம். தோட்டங்களிலேயே தலை நரைத்தவர். "மெஷின்னா மெஷின்தான், ஒருநாள் நிக்கட்டும்" என்று அவர் சொல்லிவிட்டதால் எங்கள் சர்வரும் வருடத்துக்கு ஒருமுறை அணையும், மறுநாள் காலையில் எழும்பும். மற்றபடி அதற்கு உறக்கமே கிடையாது.

அதில்தான் ஒரு சங்கடம் இருந்தது. கர்னல் என்பது இயந்திரம் கண் விழித்ததும் முதலில் ஏறி உட்கார்ந்து, டிஸ்க் எது, திரை எது என்று அடையாளம் கண்டு எல்லாவற்றையும் ஓட்டும் மென்பொருள். புதிய கர்னல் வரும்போது பேக்கேஜ் மேனேஜர், அதாவது மென்பொருள் பொட்டலங்களை இறக்கி நிறுவும் கருவி, அதைக் கொண்டுவந்து பழையதன் பக்கத்தில் வைக்கும். பழையதை எடுக்காது. புதியது சரிப்படாவிட்டால் பழையதில் எழும்பிக்கொள்ளலாம் அல்லவா? இயந்திரத்தை அணைத்து எழுப்பினால்தான் புதியது வேலைக்கு வரும். எங்கள் சர்வரோ அணைவதே இல்லை. ஆகவே வருடம் முழுக்கப் புதுக் கர்னல்கள் வந்து வரிசையாகப் படுத்திருக்கும். ஓடுவது என்னவோ போன ஆயுத பூசைக்கு ஏறிய கிழவர்தான்.

அந்த வருடம் பூசைக்குக் கொஞ்சம் முன்னால், கர்னல்கள் இருக்கும் சிறு பகுதியில் இடம் தீர்ந்துவிட்டது. எந்தப் புதிய பொட்டலத்தையும் போட முடியவில்லை. ஓடுவது எது என்று பார்த்து, அதையும் ஆகப் புதியதையும் வைத்துக்கொண்டு, நடுவிலுள்ளவற்றை நீக்க வேண்டும். ஒரு தேநீர் குடிக்கிற நேர வேலை. நானே செய்திருப்பேன். பொறுப்பாளர் விடவில்லை. "இதெல்லாம் உங்கட கைக்கு விடுற வேலை இல்லை" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

பட்டியலை எடுத்தார். ஆகப் பெரிய எண் உள்ளதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் நீக்கச் சொன்னார்.

"சார், இப்ப ஓடிக்கிட்டு இருக்கிறது அதுல ஒண்ணு. அதை எடுக்காதீங்க."

"புதுசு வந்தாச்சே, பழசு எதுக்கு?"

"புதுசுல ஒருதரம் கூட எழுப்பிப் பார்க்கலையே, சார்."

அவர் திரும்பியே பார்க்கவில்லை. சரி, என் பேச்சுதான் அவருக்கு அற்பம். இயந்திரமே கேட்டது. ஓடிக்கொண்டிருக்கும் கர்னலையே நீக்கப் பார்க்கிறீர்கள், இது மிகவும் ஆபத்து, சந்தேகம் இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று திரை நிறைய எழுதிக் காட்டியது. கைகட்டி நிற்கும் எந்தக் கங்காணியும் எந்தத் துரையிடமும் அத்தனை பணிவாகச் சொல்லியிருக்க மாட்டான். அவர் 'ஆம்' என்று அழுத்தினார். இடம் கிடைத்துவிட்டது. "பார்த்தீரா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஒன்றும் ஆகவில்லைதான். நினைவகத்தில் ஏறிவிட்ட கர்னல், டிஸ்க்கில் தன்னுடைய இடம் போனது தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஆளை மலைக்கு அனுப்பிவிட்டு லயத்து வீட்டை இடித்த மாதிரி. பின்னேரம் திரும்பி வரும்போதுதானே அவருக்குத் தெரியும்?

ஆயுத பூசையன்று முறைப்படி சர்வரை அணைத்தோம். அக்கா குளித்து, நல்ல சேலை கட்டி வந்திருந்தார். ஈரமில்லாத துணியால் பெட்டியைத் துடைத்து, ஒரு விரலால் சந்தனம் தொட்டு அதன் நெற்றியில் வைத்து, நடுவில் குங்குமம் இட்டார். "தண்ணி தெளிக்க வேணாம்க்கா" என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள், "தெரியும் தங்கச்சி, கரண்டு சாமானுக்கு நான் தண்ணி காட்டுவேனா?" என்றார். சூடம் காட்டினோம். பொறுப்பாளரும் நின்றார், கும்பிட்டார், படைத்த கடலையை இரண்டு தரம் வாங்கித் தின்றார். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மறுநாள் காலை சர்வர் எழும்பவில்லை. திரையில் எழுத்துகள் ஓடின, பாதியில் நின்றன. எங்கள் பழைய டிஸ்க்கை அந்தப் புதிய கர்னலுக்கு அடையாளமே தெரியவில்லை. முன்பென்றால் தொடக்கத்தில் வரும் பட்டியலில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்து எழுப்பிவிட்டு வேலையைப் பார்த்திருப்போம். இப்போது அந்தப் பட்டியலில் ஒரே ஒரு வரிதான் இருந்தது.

தோட்டங்களிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தொலைபேசி அடித்தது. பெரிய துரை எழுந்து வந்தார். பொறுப்பாளர் திரையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், சந்தனத்தைப் பார்த்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அதைப் பார்த்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது.

"இதைத்தான் நான் பயந்தது. தண்ணியும் சந்தனமும் உள்ளே போயிருக்கு. படிப்பில்லாத ஆக்களை சர்வர் அறைக்குள்ள விட்டா இப்படித்தான். இவவை நாளையிலிருந்து வர வேண்டாமென்று சொல்லுங்கோ, துரை."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்! அக்கா கதவருகே வாளியோடு நின்றார். அவர் அழவில்லை. "நான் தண்ணியே தொடல, தொரை" என்று ஒருதரம் சொன்னார். அப்புறம் கெட்டுப்போன காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறி நின்றார். அந்த ஒரு அசைவில் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

"தண்ணி உள்ளே போயிருந்தா எழுத்து எப்படி வரும்?" என்று கேட்டேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "ஓடுற கர்னலை சார்தான் எடுத்தாரு. நான் வேணாம்னு சொன்னேன். மெஷினும் வேணாம்னு சொல்லுச்சு."

"நீர் வாயை மூடும்" என்றார் பொறுப்பாளர். பெரிய துரைக்குக் கர்னலும் தெரியாது, ஒன்றும் தெரியாது. அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். யார் சொல்வது உண்மை என்று அவர் எப்படித் தீர்மானிப்பார் என்பது எனக்குத் தெரியும். கழுத்துப்பட்டி கட்டியவர் பக்கம்தான் தராசு சாயும்.

அதனால் சொன்னேன்: "தொரை, நான் சொல்றதை நம்ப வேணாம். சந்தனத்தைத் துடைக்காம, பெட்டியைத் திறக்காம, இந்தப் பொட்டோடயே நான் மெஷினை எழுப்பிக் காட்டுறேன். எழும்பிட்டா அக்கா வேலையில இருக்கணும்."

"எழும்பலைன்னா?"

"நானும் அவங்களோட பஸ் ஏறுறேன்."

பெரிய துரை கொஞ்சம் யோசித்தார். "செய்" என்றார்.

இப்போது நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பேக்கேஜ் மேனேஜருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தான் இறக்கிய பொட்டலங்களின் பிரதியை ஒரு மூலையில் போட்டு வைத்திருக்கும். அந்த மூலையைப் பொறுப்பாளர் துடைக்கவில்லை. அப்படியொரு மூலை இருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் வழித்திருப்பார். சர்வரை முதன்முதலில் நிறுவிய பழைய சிடியைப் போட்டு அதிலிருந்து இயந்திரத்தை எழுப்பினேன். டிஸ்க்குக்குள் நுழைந்து அந்த மூலையைப் பார்த்தேன். பழைய கர்னலின் பொட்டலம் அங்கே இருந்தது. அதைத் திரும்ப நிறுவி, சிடியை எடுத்துவிட்டு, மறுபடி எழுப்பினேன்.

பட்டியலில் இரண்டு வரி வந்தது. பழையதைத் தேர்ந்தேன். எழுத்துகள் ஓடின, முன்பு நின்ற இடத்தைத் தாண்டின. உள்நுழையச் சொல்லி சர்வர் கேட்டது. அதன் நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது, குங்குமம் அப்படியே இருந்தது.

யாரும் கைதட்டவில்லை. தொலைபேசிக்குப் பதில் சொல்ல ஆளாளுக்கு ஓடினார்கள். பெரிய துரை பொறுப்பாளரை ஒரு பார்வை பார்த்தார், ஆனால் எங்கள் முன்னால் ஒரு சொல் கேட்கவில்லை. பெரியவர்கள் பெரியவர்களைத் தனியறையில்தான் கேட்பார்கள் போலிருக்கிறது. அக்காவை மட்டும் எல்லோர் முன்னாலும் வைத்துக் கேட்கலாம்.

போகும்போது பொறுப்பாளர் கதவருகே நின்றார். முகத்தைப் பெருந்தன்மையாக வைத்துக்கொண்டு அக்காவிடம், "சரி, இந்த முறை மன்னிச்சு விடுறன். போய் வேலையைப் பாரும்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா வாளியைக் கீழே வைத்தார். அவருடைய குரல் உயரவே இல்லை.

"எதுக்குங்க மன்னிக்கிறீங்க, சார்?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வெளியே போகக் காலெடுத்து வைத்தார். அக்கா வழி விடவில்லை. அந்தக் கதவு ஒரு ஆள் போகிற அகலம்தான்.