வெந்நீரில் போட்ட மேலண்ணம்

மேல்தாடையில் பாதியை எடுத்த பிறகு என் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே தடுப்பே இல்லாமல் போனது. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வரும். பேசினால் எல்லாச் சொல்லும் மூக்குக்குள் போய்விடும். புற்றுநோய் போனதே பெரிசு என்றார்கள். எனக்கு அது போதவில்லை. கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் என் குரலைக் கேட்டதுமே விலையைக் குறைக்கிற வியாபாரிகள் உண்டு, நான் அப்படிப்பட்டவள்.

பல் டாக்டரம்மா அந்த ஓட்டையை அடைக்க ஒரு பிளேட் செய்து கொடுத்தார். பல்செட் மாதிரிதான், மேலே ஓட்டைக்குள் போய் உட்காரும் ஒரு குமிழும் இருக்கும். அவர் மலையாளத்துக்காரர். "அம்மா, பப்படம் சொல்லுங்கோ" என்பார். பிளேட் இல்லாமல் சொன்னால் "மம்மணம்" என்று வரும். மாட்டிக்கொண்டு சொன்னால் பப்படம் பப்படமாகவே வந்தது.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் வழக்கத்தில் முதல் அழைப்பு தாய்மாமனுக்கு. தாம்பூலத் தட்டோடு போய், கூடப் பிறந்தவள் தன் வாயால் கூப்பிட வேண்டும். பொள்ளாச்சிப் பக்கம் என் அண்ணன் வீடு. ஆஸ்பத்திரியில் நான் மூக்கால் பேசினதைத்தான் அவர் கடைசியாகக் கேட்டிருந்தார்.

போவதற்கு முந்தின நாள் காலையில் என் வீட்டுக்காரர் பிளேட்டை வெந்நீரில் போட்டுவிட்டார். நாங்கள் மாடு வைத்திருப்பவர்கள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக் கழுவாத பால் பாத்திரம் எங்கள் வீட்டில் கிடையாது. இல்லையென்றால் பால் திரிந்துவிடும். அந்தப் பழக்கத்தில், நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் போட்டார். பிளேட் வளைந்துபோய், குமிழ் ஓட்டைக்குள் நுழையவே இல்லை.

நான் போட்ட சத்தம் பக்கத்துத் தோட்டம் வரைக்கும் கேட்டிருக்கும். ஆனால் ஒரு சொல்லாவது புரிய வேண்டுமே. மனுஷன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "செரி புள்ள, செரி புள்ள" என்றார். கட்டின புருஷனைத் திட்டக்கூட முடியாமல் போனதே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நாளைக்கு நானே கூப்புட்டுக்கறேன். நீ பக்கத்துல நின்னாப் போதும்" என்றார். முடியவே முடியாது என்று கையை ஆட்டினேன். பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது சூடு தாங்காது. பச்சைத் தண்ணியிலதான் கழுகணும்" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. மறுபடி வாயில் அச்செடுத்தார். வீட்டுக்குப் போகிற நேரமாகியும் போகாமல், லேபில் இருந்தவர்களையும் உட்காரவைத்து, கல்யாணம் வரைக்கும் தாங்கும்படி அன்றைக்கே ஒன்று செய்து மாட்டிவிட்டார். அந்த மகராசி நன்றாக இருக்க வேண்டும். சாமி கும்பிடும்போது என் பிள்ளைகளுக்கு அடுத்தபடி அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

"பப்படம்" என்றேன். என் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார், டாக்டரம்மாவையா பிளேட்டையா என்று தெரியவில்லை.

மறுநாள் அண்ணன் முன்னால் தட்டை நீட்டினேன்.

"அண்ணா, புள்ளைக்குக் கண்ணாலமுங்க. நீங்கதான் முன்னால நின்னு நடத்திக் குடுக்கோணும்."

அண்ணன் தட்டை வாங்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாம் பேசுனது புரீலீங்களாண்ணா?"

"நல்லாப் புரிஞ்சுது அம்மிணி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. "இன்னொருக்காக் கூப்புடு."

தட்டைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கூப்பிட்டேன்.