கடிபட்ட முட்டை பிரெட்

எங்க பள்ளிக்கூடத்து மூணாங்கிளாஸ் டீச்சருக்குப் பிள்ளைங்க வெச்ச பேரு ‘பாத்தியா டீச்சர்’. “இவன் என் பென்சிலை எடுத்துட்டான் டீச்சர்”னு ஒருத்தி ஓடி வந்தா, “கண்ணால பாத்தியா, இல்ல நீயா நெனச்சியா?”ன்னு கேப்பாங்க. போய்த் தேடினா பென்சில் அவ காதுலயே சொருகியிருக்கும். பதினோரு வருஷமா இதே பாட்டுதான். அங்க ஆயா வேலை பாக்குற எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டாலே பத்திக்கிட்டு வரும்.

அப்புறம் இடி என் தலையிலயே விழுந்துச்சு. ரெட்டைச்சடைக்காரி ஒருத்தி டிபன் டப்பாவைத் திறந்தா, முட்டை பிரெட்டோட மூலையில ஒரு கடி! மறுநாளும் அப்படியே. அதுக்கு மறுநாளும். டப்பா வெக்கிற அலமாரி பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கிறவ நான்தானே? ஆயாதான் திங்குறான்னு அவ அப்பா எழுதியே குடுத்துட்டாரு. “வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன், அப்புறம் நீங்க வேற வேலை தேடிக்கணும்”னாரு ஹெச்.எம்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கிட்டு வந்துச்சு. “அந்தப் பாட்டு வாத்தியார் வேலைதான் இது. அவர் ஒரு சாப்பாட்டு ராமன்!”னு கத்தினேன்.

“பாத்தீங்களாக்கா?”ன்னாங்க டீச்சர். நான் எங்க பாத்தேன்?

கடிபட்ட பிரெட்டைப் பிள்ளைங்க நடுவுல வெச்சாங்க. ஒருத்தன் பூதக்கண்ணாடியோட குப்புறப் படுத்துட்டான். கடியோட நடுவுல சின்னதா ஒரு மேடு, பல்லே படாம நிக்குது. முன்பல்லுல சந்து இருக்கிற ஆளு! அவ்வளவுதான், கிளாஸே போலீஸ் ஸ்டேஷனா மாறிடுச்சு. ஆளுக்கொரு பிரெட் துண்டு. நான் கடிச்சேன், பாட்டு வாத்தியார் கடிச்சாரு, ஹெச்.எம். மீசையை ஒதுக்கிக்கிட்டுக் கடிச்சாரு. யார் கடியிலயும் மேடு இல்ல.

கடைசி பெஞ்சு தூங்குமூஞ்சி ஒண்ணு மெதுவா எந்திரிச்சுது. “வீட்டுலேருந்து வரும்போது பிரெட் முழுசா இருந்துச்சா? யாராச்சும் பாத்தீங்களா?”

யாருமே பாக்கல. பாத்தியா டீச்சரே பாக்கல! தலையில அடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ரெட்டைச்சடை கேட்டுக்குள்ள கால் வெச்சதுமே டப்பாவைத் திறந்தோம். உள்ள கடி, சுடச்சுட! பின்னாடியே அவ அப்பா விறைப்பா வந்தாரு, என்னை அனுப்பியாச்சான்னு கேக்க. “ஒரு கடி கடிங்க அங்கிள்”னு பிள்ளைங்க பிரெட்டை நீட்ட, என்ன ஏதுன்னு புரியாம கடிச்சாரு. நடுவுல மேடு!

“உப்பு சரியா இருக்கான்னு தினமும் ஒரு வாய் பாப்பேன்... ஆபீஸ் நெனப்புல அப்படியே திரும்ப வெச்சிடுறேனா? ஐயையோ, நானா!”

அந்த மூஞ்சியைப் பாக்கணுமே! பிள்ளைங்க தரையில உருண்டு சிரிச்சுதுங்க. “மன்னிச்சிடுங்கம்மா”ன்னு அவர் சொன்னப்போ எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு, சிரிப்பும் அடங்கல.

திங்கக்கிழமை ரெட்டைச்சடை முழு பிரெட்டை எங்கிட்ட நீட்டினா. “ஆயாம்மா, முதல் கடி நீங்க.”

“எதுக்குடி?”

“நீங்கதான் தின்னீங்கன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்ல. பாக்காமயே சொன்னேன்.”

அவளைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஒரு கடி கடிச்சேன். நெனச்சுச் சொல்லல, தின்னு பாத்துட்டே சொல்றேன்: உப்பே இல்ல.