ரூட்டர் இறங்கியது, ஸ்பிண்டில் ஏறியது

என் இருபத்திரண்டாவது வயதில், ஓர் அலுவலகக் கூடத்தில், மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் இருபது தட்டச்சுப் பொறிகள் ஒவ்வொன்றாக ஓயும். கடைசி ஒன்று மட்டும் யாரோ பாதியில் விட்ட வரியை முடிக்க டக், டக் என்று தட்டிவிட்டு நிற்கும். சத்தம் என்றால் அது ஒரு நேரத்தில் ஓயும் என்று அன்று நம்பினேன். ஓய்வு பெற்ற பிறகு, கணினி ஓட்டும் இயந்திரத்தால் செதுக்குகிற சி.என்.சி. மரச்செதுக்கல் தொழிலுக்கு வந்தேன். இந்தத் தொழிலில் இருப்பவரிடம் "தொழில் எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள், "என்ன?" என்றுதான் பதில் வரும்.

தாராவியில் பத்துக்குப் பதினைந்து அறை ஒன்று. அறை மைதீனுடையது. திருநெல்வேலிப் பக்கத்துத் தச்சர், நாற்பது தாண்டியவர். கணினி என்னுடையது. நான் எழுத்தையும் பூவையும் வரைவேன், இயந்திரம் அதைப் பலகையில் செதுக்கும், அவர் இழைத்து மெருகேற்றுவார். பெயர்ப்பலகை, பூஜை அறைக் கதவு, பள்ளிவாசல் ஜன்னல் எல்லாம் செய்வோம். மாட்டுங்காவில் என் வீடு மிகவும் அமைதியானது. அந்த அமைதியிலிருந்து தப்பித்துத்தான் நான் சத்தத்துக்கு வந்தேன் என்பதை உங்களிடம் மறைப்பானேன்.

செதுக்கும் மோட்டாராக நாங்கள் மாட்டியிருந்தது ரூட்டர். தச்சர்கள் கையில் பிடித்து விளிம்பு இழைக்கிற சின்னப் பொருள் அது. உருவம் கையளவு, கத்தல் தெருவளவு. அதே கத்தலோடு குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இந்தத் துணுக்குகள்.

விமானம்

எங்களுக்கும் பக்கத்து அறைக்கும் நடுவே இருப்பது ஒரு தகரச் சுவர். அந்தப்பக்கம் செல்வியும் அவள் அம்மா பாக்கியமும். செல்விக்கு வீட்டிலிருந்தே பேசும் ஃபோன் வேலை கிடைத்தது. தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் விற்கும் கம்பெனி, காலை பத்திலிருந்து ஆறு வரை புகார் கேட்க வேண்டும். மூன்று மாதம் சோதனைக் காலம், தேறினால் வேலை நிரந்தரம். அதுவரை பாக்கியம் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்துத்தான் குடும்பம் ஓடியது.

இரண்டாம் நாள் செல்வி எங்கள் வாசலில் வந்து நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து மைதீன் ரூட்டரை அணைத்தார். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பூனாலேருந்து ஒரு பெரியவரு பேசினாரு, மாமி. 'மொதல்ல உங்க பிளைட் கெளம்பட்டும்மா, எறங்கினதும் பேசுங்க'ன்னு வச்சிட்டாரு."

சுவரில் இரண்டு தட்டு

ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அழைப்பு வந்தால் செல்வி சுவரில் இரண்டு முறை தட்டுவாள், மைதீன் ரூட்டரை நிறுத்துவார். பேசி முடித்ததும் ஒரு தட்டு. கேட்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் மும்பையில் எத்தனை வீட்டில் தண்ணீர் இயந்திரம் கெட்டுப்போகிறது என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. நின்று நின்று ஓடினால் மரத்தில் நின்ற இடமெல்லாம் தழும்பு விழும். சில நேரம் தட்டியதே எங்கள் காதில் விழாது. அப்படி இரண்டு அழைப்புகள் ரூட்டர் சத்தத்தோடு பதிவாகி, செல்விக்கு இரண்டு எச்சரிக்கை வந்துவிட்டது. அடுத்த மாதத்தின் முதல் திங்கட்கிழமை மேலாளரே இணைப்பில் இருந்து கேட்பார், அன்றும் சத்தம் கேட்டால் வேலை இல்லை.

அந்த வாரம் ஒரு பூஜைக் கதவை வாங்க வந்த அம்மாள், தாமரை இதழ்களில் விரலை ஓட்டினார். ஏழு இடத்தில் விரல் தட்டியது. நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டார்: "மாமி, உங்க மெஷினுக்கு விக்கலா?"

புது மாப்பிள்ளை

ஸ்பிண்டில் வாங்குவது என்று முடிவு செய்தோம். இந்த வேலைக்கென்றே பிறந்த மோட்டார் அது. கனமானது, தண்ணீரால் குளிர்வது, வேகத்தைக் கூட்டிக் குறைக்கத் தனியாக ஒரு பெட்டி உண்டு. ரூட்டர் கத்தும் இடத்தில் இது முனகும். மரத்தை வெட்டும் சத்தம் மட்டும் எப்போதும் போல இருக்கும். அதற்காக வேகத்தைக் குறைத்து, மேசைக்குக் கீழும் தகரச் சுவரிலும் ரப்பர் பாய் வைத்தோம்.

மோட்டாரைப் பிடிக்கும் அலுமினியப் பிடியை வாங்கப் போனது மைதீன். வாழ்க்கையில் ஒரு பலகையைக்கூட அளவு தப்பி அறுக்காதவர், பத்திரமாகப் பழைய ரூட்டரின் இடுப்பை அளந்துகொண்டு போனார். அது அறுபத்தைந்து மில்லிமீட்டர். ஸ்பிண்டிலுக்கு எண்பது. பிடியைக் குடைந்து பெரிதாக்க மாஹிமில் ஒரு லேத் கடைக்குப் போனோம். கடைக்காரர் பிடியையும் ஸ்பிண்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். "பழைய மாப்பிள்ளை சட்டைய கொண்டாந்து புது மாப்பிள்ளைக்குப் போட்டு விடச் சொல்றீங்களே பாய்!"

தடவிக் கொடுத்தது

மாட்டி, வயர் கொடுத்து, ஓடவிட்டோம். முனகல்தான். என் காதில் ஒரு தம்புரா சுருதி போல நின்றது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூக்குதான் என்னை எழுப்பியது, மரம் கருகும் வாடை. பலகையில் பூ விழவில்லை, ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது. மரத்தை வெட்டும் முனையான பிட் புதியது, கூர்மையானது. ஆனாலும் வெட்டவில்லை.

பெட்டியிலிருந்து மோட்டாருக்கு மூன்று வயர் போகிறது. அதில் இரண்டை இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும் என்பதை ஒரு மணி நேரம் கழித்துக் கண்டுபிடித்தோம். அந்த ஒரு மணி நேரமும் மைதீன் குனிந்து உட்கார்ந்து பிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மாமி, இது வெட்டுத மாதிரி தெரியல. அழுத புள்ளய தடவிக் குடுக்கிய மாதிரில்லா தடவுது."

பக்கெட்

ஸ்பிண்டிலைக் குளிர்விக்க ஒரு பக்கெட் தண்ணீர், அதற்குள் மூழ்கிக் கிடக்கும் சின்ன பம்ப், இரண்டு குழாய். பக்கெட்டை வாசலோரம் வைத்திருந்தோம். தெருக்குழாயில் தண்ணீர் வராத ஒரு காலையில், நாங்கள் டீ குடித்துவிட்டு வந்து இயந்திரத்தை ஓட்டினோம். கால் மணியில் மோட்டார் கொதித்தது. மைதீன் தொட்டுவிட்டுக் கையை உதறினார். போய்ப் பார்த்தால் பம்ப்பும் குழாய்களும் சுவராணியில் ஒழுங்காக, நீர் சொட்டாமல், மாட்டப்பட்டிருந்தன. பக்கெட் இல்லை.

தெருமுனையில் பாக்கியம் ஈரத்தலையோடு வந்துகொண்டிருந்தார், கையில் எங்கள் பக்கெட், காலியாக. திங்கட்கிழமைக்குள் இந்த மோட்டார் நின்றுபோனால் போவது அவர் மகளின் வேலைதான் என்று மைதீன் படபடத்தார். பாக்கியம் பக்கெட்டைக் கீழே வைத்தார். "அது சரி அண்ணே. ஆனா மோட்டாரக் குளுப்பாட்டுதிய, மனுசி குளிக்க வேண்டாமா?"

மறுநாளே மைதீன் அந்தப் பக்கெட்டுக்கு மூடி போட்டு, ஒரு பூட்டும் போட்டார்.

கேட்காத தவறு

ரூட்டர் காலத்தில் மோட்டாரை முடுக்குவது மைதீன், கணினியில் 'ஓடு' என்று சொல்வது நான். முடுக்கியாயிற்றா என்று கேட்கத் தேவையே இருந்ததில்லை, மாஹிம் வரை கேட்கும். திங்கட்கிழமைக்கு மூன்று நாள் முன்பு, திலக் நகரில் புது வீடு வாங்கியிருந்த ஒரு பாலக்காட்டு மாமாவுக்கும் அவர் மனைவிக்கும் சேர்த்து ஒரு பெயர்ப்பலகை. தேக்கு. மைதீன் முடுக்கிவிட்டார் என்று நான் நினைத்தேன், நான் இன்னும் 'ஓடு' சொல்லவில்லை என்று அவர் நினைத்தார். சுற்றாத பிட் இறங்கி, மாமாவின் பெயரில் குத்தி, பலகையைக் கீறிக்கொண்டு போய் முறிந்தது.

பெருஞ்சத்தத்தில் செய்த தவறெல்லாம் எனக்குத் தெரியும். அமைதியில் செய்வது இது முதல் தடவை. பலகையை வாங்க வந்த மாமா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். புதிதாகச் செய்து தருகிறோம் என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை. "எம்பேரைத்தான் கீறியிருக்கு. பக்கத்துல அவ பேரைத் தொடவே இல்லை. உங்க மெஷினுக்கு எங்காத்து நெலவரம் யார் சொன்னா?"

திங்கட்கிழமை

அன்று இயந்திரத்தை நிறுத்திவைப்பதாகச் சொன்னோம். செல்வி ஒப்பவில்லை. "ஒருநா நிறுத்தி ஏமாத்திட்டா, மறுநா என்ன செய்ய? நீங்க ஓட்டுங்க, மாமி. தெரிஞ்சிரட்டும்."

பத்தே காலுக்கு ஓட்டினோம். பள்ளிவாசல் ஜன்னல், நட்சத்திரம் நட்சத்திரமாக வெட்ட வேண்டியது. நானும் மைதீனும் இயந்திரத்தைப் பார்க்கவில்லை, தகரச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்தப்பக்கம் அவள் குரல் வந்தது. அந்தக் குரலை நான் அதுவரை காதுகொடுத்துக் கேட்டதே இல்லை, எப்போது முடிப்பாள் என்றுதான் காத்திருப்போம். நிதானமான, வளையாத குரல். ஹிந்தியில் யாரிடமோ வடிகட்டியை எப்படிக் கழற்றுவது என்று படிப்படியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு பேச்சு நின்றது. நின்றே இருந்தது. மைதீன் உதட்டுக்குள் ஏதோ ஓதினார்.

அப்புறம் அவள் ஓடி வந்தாள். இயந்திரம் ஓடுகிறதா என்று முதலில் எட்டிப் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்தது. மேலாளர் சொன்னதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினாள்: "'பின்னாடி மெஷின் சத்தம் எதுவும் இல்லை, செல்வி. ஆனா குக்கர் ஆறு விசில் விட்டுடுச்சு. சாதம் குழைஞ்சிருக்கும், போய்ப் பார்.'"

அவளுக்கு வேலை நிரந்தரமாகி, ஃபோனில் பேசப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பும் வந்து, போன மாதம் அம்மாவோடு செம்பூருக்குக் குடிபோய்விட்டாள்; அவள் காலி செய்த அறையில் இப்போது காலை பத்திலிருந்து ஆறு வரை பழைய எண்ணெய் டின்களைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்துகிறார்கள்.